யனோமாமிகளைப் பட்டினி போட்டது காடா?

பதிவு 1 · நெய்தல் குமரன்

(இந்த இடத்தில் 3 படங்கள் இருந்தன. பதிவிட்டவர் பின்னர் நீக்கியுள்ளார்.)

நண்பர்களே, மேலே இருப்பவை 2023 ஜனவரியில் பிரேசிலிலிருந்து வந்த படங்கள். அமேசான் காட்டில் வாழும் யனோமாமி மக்கள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். முதல் தடவை பார்த்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அதே படங்கள் வாட்ஸ்அப்பில் மறுபடி வந்தன. கூடவே ஒரு குறிப்பு: இந்தக் காலத்திலும் காட்டில் வேட்டையாடித் தின்றால் இப்படித்தான் ஆகும், ஊருக்குக் கூட்டி வந்து வீடும் ரேஷனும் கொடுப்பதுதான் மனிதாபிமானம் என்று. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் சாகும்போது பண்பாடு, பாரம்பரியம் என்று பேசிக்கொண்டிருப்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · இலந்தை

குமரன் சொல்வதுதான் என் கருத்தும். முதலில் உயிர், அப்புறம்தான் மற்றது. நாலு மூட்டை அரிசி போகட்டும்.

பதிவு 3 · கருவேலன்

குமரன் தம்பி, கேட்டது நல்லதாயிற்று. பத்து வருடமாக இந்த மக்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். அந்த வாட்ஸ்அப் குறிப்பில் காரணம் தலைகீழாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் மொழியில் யனோமாமி என்றால் 'மனிதர்'. பிரேசிலின் வடகோடியில் ரொராய்மா, அமசோனாஸ் மாநிலங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆறு பிறக்கும் மலைகளிலும் இருக்கிறார்கள். பிரேசில் பக்கம் சட்டப்படி அவர்களுக்கென்று வரையறுத்த நிலம் 96 லட்சம் ஹெக்டேர். போர்ச்சுகல் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. 2022 கணக்கெடுப்பில் அதில் 27,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

'வேட்டையாடித் தின்றால்' என்று தொடங்குகிறதே, அங்கேயே பிழை. இவர்கள் அடிப்படையில் தோட்டக்காரர்கள். சாப்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தோட்டத்திலிருந்து வருகிறது. வேட்டைக்கறி பத்தில் ஒரு பங்குதான். காட்டில் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் நடுகிறார்கள். நம் சங்கப் பாட்டில் வருகிற புனம் எப்படியோ அப்படி. மரம் வெட்டி நிலம் திருத்துவது ஆண்கள் வேலை. நட்ட பிறகு அன்றாடம் போய்க் கவனித்து அறுத்து வருவது பெரும்பாலும் பெண்கள். வாழை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு வகைகள், மக்காச்சோளம், பப்பாளி, கரும்பு, அவற்றோடு புகையிலை, பருத்தி, அம்புக்கான நாணல் என்று சுமார் அறுபது வகைப் பயிர். இதில் பெரிய பங்கு வாழைக்கு. அந்த வாழையே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததில்லை. ஐரோப்பியர் கப்பலில் வந்து, கைமாறிக் கைமாறி, வெள்ளைக்காரன் கால் படாத காட்டுக்குள் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. கற்காலத்திலேயே உறைந்து நின்றவர்கள் என்று இவர்களைச் சொல்வோருக்கு இந்த ஒரு வாழைத்தாறே பதில்.

அமேசான் மண் பார்க்கத்தான் செழிப்பு. சத்தெல்லாம் மரத்திலும் சருகிலும் இருக்கிறது, மண்ணில் இல்லை. அதனால் ஒரு தோட்டம் மூன்று நான்கு வருடம்தான் விளையும். பிறகு அதை விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போகிறார்கள், பழைய இடத்தைக் காடு மூடிக்கொள்கிறது. வீடும் அப்படித்தான். பிரேசில் பக்கம் யானோ, வெனிசுவேலா பக்கம் ஷபோனோ என்பார்கள். பெரிய வட்டம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் சாய்ந்த கீற்றுக் கூரை. குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, அடுப்பைச் சுற்றித் தூளிகள். ராத்திரி குளிர்ந்தால் தூளியிலிருந்தே கையை நீட்டி விறகைத் தள்ளிவிட்டுக்கொள்ளலாம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. பெரிய வீட்டில் 400 பேர் வரை இருப்பார்கள். கீற்று மக்கி, பூச்சி ஏறி, ஒழுக ஆரம்பித்தால் சில வருடத்தில் புது வீடு.

அதிகாரம் செலுத்தும் தலைவன் என்று ஒருவரும் இல்லை. இருட்டிய பிறகோ விடியும் முன்போ ஒரு பெரியவர் முற்றத்தைப் பார்த்து உரக்கப் பேசுவார். எந்தப் பக்கம் வேட்டைக்குப் போவது, எந்த ஊருக்கு விருந்துக்கு அழைப்பு விடுவது என்பதெல்லாம் அதில் வரும். அதற்கு ஹெரேயாமு என்று பெயர். அது கட்டளை இல்லை. தூளியில் படுத்தபடியே எல்லோரும் கேட்பார்கள். இஷ்டப்பட்டவர் செய்வார்.

இப்படி வாழ்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவான உழைப்பு போதும் என்பது கணக்கு. பசி அவர்கள் வாழ்க்கையிலேயே இருந்த ஒன்றல்ல. அது எப்படி உள்ளே வந்தது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

பதிவு 4 · செங்காந்தள்

அண்ணா, நடுவில் ஒரு கேள்வி. வேட்டைக்காரன் தான் அடித்த இறைச்சியைத் தான் தின்ன மாட்டான் என்று எங்கோ படித்தேன். நிஜமா?

பதிவு 5 · கருவேலன்

நிஜம்தான் செங்காந்தள். தான் கொன்ற விலங்கு முழுக்க அடுத்தவருக்கு. அவன் சாப்பிடுவது இன்னொருவன் கொண்டுவந்தது. தான் அடித்ததைத் தானே தின்பவனுக்கு அப்புறம் வேட்டை கைகூடாது என்று நம்பிக்கை. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். ஊரிலேயே குறி தப்பாதவன்கூட அடுத்தவன் கையை எதிர்பார்த்துத்தான் கறி சாப்பிட முடியும்.

அம்பு நுனியில் தடவும் விஷத்தையும் சொல்ல வேண்டும். ஒருவகைக் கொடியின் பட்டையிலிருந்து எடுக்கும் குராரே. ரத்தத்தில் கலந்தால் தசை செயலிழந்து குரங்கு கிளையிலிருந்து விழும். அதே விஷம் வயிற்றுக்குள் போனால் உடம்பில் ஏறாது, அதனால் கறியைத் தின்னலாம். மீனுக்கு வேறு கொடிகள். கோடையில் ஓடை சுருங்கியதும் அந்தக் கொடியை நசுக்கித் தண்ணீரில் அலசுவார்கள். மீன் மயங்கி மேலே வரும். பெண்களும் பிள்ளைகளும் கூடையால் அள்ளுவார்கள். இதற்கென்றே ஒன்பது வகைக் கொடி தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பதிவு 6 · கருவேலன்

சரி, பசிக்கு வருகிறேன்.

அந்த மண்ணுக்கடியில் தங்கம் இருக்கிறது. அனுமதியில்லாமல் தோண்ட வருபவர்களைப் பிரேசிலில் கரிம்பெய்ரோ என்பார்கள். முதல் பெரிய படையெடுப்பு 1987 முதல் 1990 வரை. சுமார் 40,000 பேர் நுழைந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மலேரியாவிலும், சளிக் காய்ச்சலிலும், துப்பாக்கியிலும் ஏழே வருடத்தில் பிரேசில் யனோமாமிகளில் ஐந்தில் ஒருவர் போனார். இரண்டாவது படையெடுப்பு 2019 முதல் 2022 வரை, சுமார் 20,000 பேர். குமரன் பார்த்த படங்கள் அதன் முடிவில் வந்தவை.

தங்கம் எடுப்பது இப்படி. ஆற்றங்கரை மரத்தையெல்லாம் சாய்த்து, அழுத்தக் குழாயால் தண்ணீரை அடித்துக் கரையைக் கரைக்கிறார்கள். அந்தச் சேற்றை இயந்திரம் உறிஞ்சி ஒரு சரிவுப் பலகையில் ஓடவிடும். கனமான துகள் தங்கும். அதில் பாதரசத்தை ஊற்றினால் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகும். உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் மிஞ்சும். போன பாதரசம் ஆற்றில் இறங்கும். ஆற்றடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றும். அங்கிருந்து சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன், கடைசியில் தட்டு. முகஜாயி ஆற்றோரம் ஒன்பது கிராமங்களில் ஃபியோக்ரூஸ் என்ற பிரேசில் அரசு ஆய்வு நிறுவனம் மக்களின் தலைமுடியைச் சோதித்து 2024ல் அறிக்கை தந்தது. ஏறக்குறைய எல்லோர் முடியிலும் பாதரசம் இருந்தது.

ஆனால் உடனடியாக ஆளைச் சாய்த்தது பாதரசம் இல்லை. கரையைக் கரைத்து விட்டுப் போன குழிகளில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், தோண்டுபவன் உடம்போடு மலேரியாவும் உள்ளே வரும். ஊரே காய்ச்சலில் படுத்தால் புது புனத்துக்கு மரம் வெட்ட ஆள் கிடையாது. இந்த வருடம் வெட்டாத தோட்டம் அடுத்த வருடம் பட்டினி. இயந்திரச் சத்தத்தில் வேட்டை விலங்குகளும் கண்காணாமல் போய்விடும். சுகாதார நிலையம் இருந்தால் மாத்திரையாவது கிடைக்கும். ஹோமோஷி என்ற இடத்தில் விமான ஓடுதளத்தையே தோண்டுபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்த சுகாதார நிலையம் 2022 டிசம்பரில் எரிந்தது.

2023 ஜனவரி 20 அன்று பிரேசில் அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அதற்கு முந்தைய நாலு வருடத்தில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் செத்த ஐந்து வயதுக்குட்பட்ட யனோமாமிக் குழந்தைகள் 570 என்று அப்போதுதான் எண்ணிக்கை வெளியே வந்தது.

தம்பி, அந்தப் பிள்ளைகள் காட்டுக்குள் இருந்ததால் மெலியவில்லை. காட்டை அவர்களிடமிருந்து பிடுங்கியதால் மெலிந்தார்கள்.

பதிவு 7 · மருதத்து மகள்

நான் இருபத்தைந்து வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். கருவேலன் சொன்ன 'மரம் வெட்ட ஆள் கிடையாது' என்பது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலேரியா அதிகமிருந்த ஒரு கடலோரக் குப்பத்தில் போட்டார்கள். மத்தியானம் உச்சி வெயிலில் ஓர் ஆள் மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்குவார். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு அனலாகக் கொதிக்கும். அப்புறம் வேர்வை கொட்டி, பாய் நனைந்து, துவண்டு தூங்கிவிடுவார். மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், சரியாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி நடுக்கம். நல்ல திடமான ஆளை இரண்டே வாரத்தில் வலை இழுக்க முடியாதவராக ஆக்கிவிடும்.

விவாக்ஸ் வகை இன்னும் மோசம். ரத்தத்தில் தீர்ந்தாலும் ஈரலில் ஒளிந்திருந்து மாதம் கழித்துத் திரும்பும். அதை ஒழிக்க வேறு மாத்திரையை நாள் தவறாமல் முழுசாகக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்து கொடுத்தால்தான் நடக்கும். சுகாதார நிலையத்தை எரித்துவிட்டால் யார் கொடுப்பது? தாய்க்குக் காய்ச்சல் என்றால் கைக்குழந்தையின் கதியையும் யோசித்துப் பாருங்கள். அந்தப் படங்களைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இது வெறும் பசி இல்லை, நோய் தின்ற உடம்பு என்பதுதான்.

பதிவு 8 · பூவரசு

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அழகாகக் காட்டுகிறோமோ என்று சந்தேகம். கல்லூரியில் மானுடவியல் படித்தபோது யனோமாமி என்றாலே ஓயாமல் ஒருவரையொருவர் கொன்றுகொள்பவர்கள் என்றுதான் பாடம். அமெரிக்க மானுடவியலாளர் நெப்போலியன் சாக்னன் எழுதியதை மேற்கோள் காட்டித் தேர்வே எழுதினோம். அதைப் பற்றியும் பேசினால்தானே நியாயம்?

பதிவு 9 · கருவேலன்

நியாயமான கேள்வி பூவரசு. சண்டையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் பகை, பழிக்குப் பழி, பதுங்கியிருந்து அம்பு எய்வது எல்லாம் உண்டு. அவர்களே மறைப்பதில்லை.

சாக்னன் 1960களில் வெனிசுவேலா பக்கம் வேலை செய்தவர். 1968ல் வந்த அவர் நூலின் துணைத்தலைப்பே இவர்களை 'மூர்க்கமான மக்கள்' என்றது. பிற்பதிப்புகளில் அந்தத் துணைத்தலைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. 1988ல், ஆளைக் கொன்ற ஆண்களுக்கு மற்றவர்களைவிட மனைவியும் பிள்ளையும் அதிகம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கணக்கிட்ட முறை தவறு என்று அதே காட்டில் பல வருடம் இருந்த மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். பிரையன் ஃபெர்குசன் என்ற மானுடவியலாளர் வேறொரு கோணத்தில் பார்த்தார். கோடரி, கத்தி, பானை போன்ற வெளிச் சரக்கு எந்த ஊருக்கு வருகிறதோ அதைச் சுற்றித்தான் சண்டைகள் மூண்டன என்பது அவர் வாதம். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். 1988 எந்தக் காலம் என்று பாருங்கள். 40,000 பேர் உள்ளே நுழைந்து தோண்டிக்கொண்டிருந்த நேரம். அப்போது பிரேசில் அரசு யனோமாமி நிலத்தை 19 துண்டுகளாக, தனித்தனித் தீவுகளாகப் பிரித்து வைத்தது. துண்டுகளுக்கு இடையில் தோண்டுபவனுக்கு வழி. அந்த நேரம் பார்த்து 'கொலைகாரக் கூட்டம்' என்ற பெயர் பத்திரிகையெல்லாம் பரவியது யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

கொலையைப் பற்றிப் பேசுவதென்றால் 1993ல் ஹாஷிமு என்ற யனோமாமி ஊரில் நடந்ததையும் பேச வேண்டும். தோண்டுபவர்கள் முதலில் சில இளைஞர்களைக் கொன்றார்கள். பிறகு ஊருக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் கொன்றார்கள். மொத்தம் 16 பேர். தப்பியவர்கள் திரும்பி வந்து பிணங்களை எரித்து, எலும்புச் சாம்பலைச் சுமந்துகொண்டு காட்டு வழியே நடந்து தப்பினார்கள். ஐந்து பேருக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. 2006ல் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பதிவு 10 · செங்காந்தள்

உயிருக்குப் பயந்து ஓடும்போதும் சாம்பலைத் தூக்கிக்கொண்டா போனார்கள்?

பதிவு 11 · கருவேலன்

ஆமாம். விட்டுப் போக முடியாது.

ஒருவர் இறந்தால் உடலை எரித்து, எலும்பை இடித்துப் பொடியாக்கி, சுரைக்குடுக்கையில் வைப்பார்கள். பிறகு ரெயாஹு என்ற பெரிய விருந்து. பக்கத்து ஊர்க்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, வேட்டைக்கறியும் வாழைப்பழக் கஞ்சியும் கொடுத்து, அழுது, பாடி, அந்தச் சாம்பலைப் புதைப்பார்கள். சில இடங்களில் கஞ்சியில் கலந்து உறவினர்களே குடிப்பார்கள். கேட்க நமக்குத் திடுக்கென்று இருக்கலாம். நாம் அஸ்தியை ஆற்றில் கரைக்கிறோம், அவர்கள் தங்களுக்குள்ளேயே கரைத்துக்கொள்கிறார்கள். இறந்தவர் எச்சம் ஒரு துளிகூட வெளியே மிஞ்சக் கூடாது. அவருடைய வில், தூளி, கூடை எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். பெயரையும் யாரும் உச்சரிக்கக் கூடாது. மிஞ்சினால் இறந்தவர் போய்ச் சேர முடியாமல் தவிப்பார், இருப்பவர் துக்கமும் ஆறாது.

இப்போது இதைக் கேளுங்கள். 1960களின் கடைசியில் சாக்னனும் மரபியல் ஆய்வாளர் ஜேம்ஸ் நீலும் சேர்ந்த குழு ஆயிரக்கணக்கான யனோமாமிகளிடம் ரத்தம் எடுத்தது. கத்தியும் பாத்திரமும் கொடுத்து எடுத்தார்கள். அந்த ரத்தம் அமெரிக்க ஆய்வகங்களில் உறைபெட்டிக்குள் பல பத்து வருடம் இருந்தது. கொடுத்தவர்களில் பலர் இதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்? அப்பாவின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் காத்த ஊர். அந்த அப்பாவின் ரத்தம் வேறு தேசத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

பல வருடம் கேட்டுக் கேட்டு 2015ல் 2,693 குப்பிகள் திரும்பி வந்தன. தோதோதோபி ஆற்றுப் பக்கம் ஆவிகளை இறக்கிப் பாடும் பூசாரிகளான ஷாமன்கள் கூடி, சடங்கு செய்து, அந்த ரத்தத்தை மண்ணில் புதைத்தார்கள்.

பதிவு 12 · தூரதேசி

வணக்கம். நான் வேலை நிமித்தமாக சில வருடம் பிரேசிலில் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இருந்தேன். பெயர் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

அங்கே இன்யோச்சிங் என்று தோட்டமும் கலைக்கூடமும் சேர்ந்த ஓர் இடம் இருக்கிறது. அதில் க்ளாவ்டியா அந்துஜார் என்ற புகைப்படக்காரருக்குத் தனிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அவர் எடுத்த யனோமாமிப் படங்கள் சில நூறு. ஓர் அறையில் கறுப்பு வெள்ளை முகங்கள் வரிசையாக. ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் ஒரு சின்ன அட்டை, அட்டையில் எண். ஒரு தாய் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நேராக என்னையே பார்க்கிறாள், இருவருக்கும் தனித்தனி எண். போலீஸ் எடுக்கும் கைதிப் படம்போல இருக்கிறதே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அப்புறம்தான் விவரம் படித்தேன். 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்களோடு ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். யாருக்கு எந்த ஊசி போட்டது என்று குறிக்க வேண்டும், ஆனால் அவர்கள் வழக்கப்படி பெயரைக் கேட்டு எழுத முடியாது. அதனால் எண். அந்துஜார் 1931ல் பிறந்தவர், அப்பா யூதர். அப்பாவும் அப்பா வீட்டு ஆட்களும் நாஜி முகாம்களில் செத்துப்போனார்கள். அங்கே எண் போட்டது சாவதற்கு, இங்கே எண் போட்டது பிழைப்பதற்கு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

பதிவு 13 · மருதத்து மகள்

தூரதேசி, இதை எழுதியதற்கு நன்றி. தடுப்பூசி முகாமில் பெயர் எழுதாமல் அட்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் வழக்கத்தை மீறாமல் ஊசியும் போட்டிருக்கிறார்கள். ஆக, இரண்டும் சேர்ந்து நடக்க முடியும்.

பதிவு 14 · இலந்தை

என் இரண்டாவது பதிவை இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 27,000 பேருக்கு ஒரு நாட்டளவு நிலமா? தோண்டப் போகிறவனும் ஏழைதானே. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

பதிவு 15 · தூரதேசி

தோண்டுபவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பது உண்மை இலந்தை. மரான்யாவ் போன்ற வறிய மாநிலங்களிலிருந்து வருபவர்கள் அதிகம். விமானக் கூலி, சாப்பாடு, டீசல் எல்லாம் தங்க விலையில். கடனோடு உள்ளே போய்க் கடனோடு திரும்பும் ஆள் எத்தனையோ. லாபம் விமானமும் இயந்திரமும் வைத்திருக்கும் முதலாளிக்கு. ரொராய்மாவின் தலைநகர் போவா விஸ்டாவில் நடுச் சதுக்கத்திலேயே தங்கம் அலசும் கரிம்பெய்ரோவுக்கு ஒரு பெரிய சிலை நிற்கிறது. அந்த ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்று அதிலேயே தெரியும்.

பதிவு 16 · கருவேலன்

நிலத்தைப் பற்றி. பிரேசிலின் 1988 அரசியல் சட்டம், 231ஆம் பிரிவு, பழங்குடிகளின் நில உரிமையை அரசு 'தரும்' உரிமை என்று சொல்லவில்லை. அரசுக்கு முன்பே இருந்த உரிமை என்கிறது. 1978ல் அந்துஜார், கார்லோ ஸாக்கினி என்ற துறவி, மானுடவியலாளர் ப்ரூஸ் ஆல்பேர் ஆகியோர் தொடங்கிய இயக்கமும், யனோமாமிகளின் குரலாக எழுந்த டாவி கோபெனாவாவும் பதினான்கு வருடம் போராடி, 1992 மே மாதம் அந்த 19 துண்டுகளையும் ஒரே நிலமாக ஆக்கினார்கள். நிலம் ஒன்றிய அரசின் சொத்து, யனோமாமிகள் அதை விற்க முடியாது, பயன்படுத்தலாம். சுற்றிச் சுற்றித் தோட்டம் போடுபவர்களுக்கு ஒரு துண்டு விளையும்போது பல துண்டுகள் காடாகித் தேற வேண்டும். அதைச் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று பார்ப்பது நம் கண்ணின் கோளாறு. அதே நிலத்துக்குள் வெளியாட்கள் யாரோடும் சேர விரும்பாத மொஷிஹதேதேமா என்ற கூட்டமும் இருக்கிறது.

டாவியின் சொந்தக் கதை தெரிந்தால் அவர் ஏன் விடவில்லை என்று புரியும். 1956 வாக்கில் பிறந்தவர். சிறு வயதில் இரண்டு கொள்ளைநோய்கள், 1959லும் 1967லும், அவர் சொந்தத்தில் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. 1967ல் வந்தது தட்டம்மை, மிஷனரிகளோடு வந்தது. யனோமாமி மொழியில் கொள்ளைநோய்க்கு ஷவாரா என்று பெயர். அதைப் புகையாகத்தான் காண்கிறார்கள். பூமிக்கடியில் இருக்க வேண்டியதைத் தோண்டி எடுத்துச் சூடாக்கினால் அந்தப் புகை கிளம்பி ஆட்களைத் தின்னும் என்று டாவி பல வருடமாகச் சொல்லி வருகிறார். பாதரச உருண்டையைத் தீயில் காட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

2004ல் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயர் ஹுதுகாரா. ஆதியில் ஒருமுறை வானம் இடிந்து விழுந்ததாம். இப்போது நாம் நிற்கும் தரை அந்தப் பழைய வானத்தின் முதுகு. அதற்குத்தான் ஹுதுகாரா என்று பெயர். இப்போதுள்ள வானமும் விழாமல் தாங்கிப் பிடிப்பது ஷாமன்களின் வேலை. அவர்கள் யாகோவானா என்ற மரப்பட்டைப் பொடியை மூக்கில் ஏற்றி ஷபிரி என்னும் ஆவிகளை இறக்கிப் பாடுகிறார்கள். 2019ல் டாவிக்கும் ஹுதுகாராவுக்கும் சேர்த்து ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹூட்' விருது கிடைத்தது.

பதிவு 17 · நெய்தல் குமரன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. அரிசி வேண்டாம் என்கிறார்களா?

பதிவு 18 · கருவேலன்

பசியில் கிடப்பவர் யாரும் அரிசி வேண்டாம் என்று சொல்ல மாட்டார் தம்பி. 2023ல் விமானப்படை உணவுப் பொட்டலங்களை இறக்கியது, தேவைப்பட்டது, உயிர்களைக் காப்பாற்றியது. அவர்கள் கேட்டது அதற்கு முன்னால் உள்ளதை: தோண்டுபவர்களை வெளியேற்றுங்கள், திரும்ப வராமல் பாருங்கள். தோண்டுபவர்களின் விமானங்களை அரசு எரித்து, இயந்திரங்களை உடைத்து ஆயிரக்கணக்கானவர்களைத் துரத்தியது. கண்காணிப்பு தளர்ந்தபோது சிலர் திரும்பினார்கள். மருந்தும் தடுப்பூசியும் வேண்டும், தங்கள் மொழியில் பள்ளி வேண்டும், ஊருக்கு ஊர் பேச ரேடியோ வேண்டும் என்று கேட்கிறார்கள். தோட்டம் போட்டுத் தின்னும் உடல்நிலையைத் திருப்பிக் கொடுத்தால் போதும், மிச்சம் அவர்களுக்குத் தெரியும்.

பதிவு 19 · செங்காந்தள்

பெண்களைப் பற்றி ஒன்று நான் கண்டுபிடித்தேன், பகிர்கிறேன். மதுராகா என்ற இடத்தில் யனோமாமிப் பெண்கள் சங்கம் வைத்துக் கூடை பின்னி விற்கிறார்கள். கூடையின் பழுப்பு நாருக்கு நடுவே கறுப்பாக, குதிரை முடிபோல மினுங்கும் இழை ஓடும். சாயம் ஏற்றிய நார் என்றுதான் நினைத்தேன். அது காளான். காட்டுத் தரையில் சருகுக்குள் நூல் நூலாகப் படரும் ஒரு பூஞ்சை. அதைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துப் பின்னுகிறார்கள். பெரிசி என்று அவர்கள் அழைக்கும் அது விஞ்ஞானிகளுக்கே புது இனம். பிறகுதான் ஆராய்ந்து மராஸ்மியஸ் யனோமாமி என்று பெயர் வைத்தார்கள்.

பதிவு 20 · மட்டுறுத்துநர்

நல்ல விவாதம், தொடருங்கள். ஒரு வேண்டுகோள். 2023 ஜனவரியில் படத்தில் இருந்த ஒரு யனோமாமிப் பெண் இறந்ததும், தங்கள் வழக்கப்படி அவர் படத்தை இனிப் பரப்ப வேண்டாம் என்று அவர்களுடைய சங்கம் ஒன்று கேட்டுக்கொண்டது. பதிவு 11ஐப் படித்த பிறகு அதற்கு விளக்கம் தேவையில்லை. முதல் பதிவின் படங்களில் இருப்பவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. நானே நீக்கலாம், ஆனால் குமரனிடம் விடுகிறேன்.

பதிவு 21 · நெய்தல் குமரன்

எடுத்துவிட்டேன். என் தொலைபேசியிலிருந்தும் அழித்துவிட்டேன். அந்த வாட்ஸ்அப் குழுவில் இந்த இழையின் சுட்டியைப் போட்டு, அங்கே படத்தை அனுப்பிய என் சித்தப்பாவுக்கும் போன் செய்து பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்களா?" என்னிடம் பதில் இல்லை.